வெள்ளைத் தட்டு

ஏழு வருஷமாக ஞாயிறுதோறும், யாரும் சம்பளம் கொடுக்காமலே, எப்சிபா டீச்சர் சதுப்புக்கு வந்துவிடுவார். தோணியிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அறிய, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று நோட்டில் எழுதுவார். இரண்டு முழத்துக்குக் கீழே தட்டு தெரிந்ததேயில்லை. இன்றைக்கு அது தரையைத் தொட்ட பிறகும் பளிச்சென்று தெரிந்தது.

“கண்ணாடி கணக்கா இருக்கு டீச்சர்! நூத்துக்கு நூறு போட்டுருங்க,” என்றார் தோணி தள்ளும் வனத்துறை வாட்சர் சுடலைமுத்து.

டீச்சர் பேனாவைத் திறக்கவில்லை. போன ஞாயிறு வரை மொய்த்துக் கிடந்த பாசியைக் காணோம். தலைப்பிரட்டையைக் காணோம். அந்த வெள்ளையின் மேல் ஒரு மீன்குஞ்சின் நிழலாவது கடந்து போகாதா என்று மூக்கு நனையக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், சுடலைமுத்து அந்தத் தண்ணீரையே இரண்டு கையாலும் அள்ளி மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.