எட்டாவது இடம்

ஏரியை நீந்திக் கடந்து, பாறையில் ஏறி இறங்கி, காட்டுப்பாதையில் ஓடி முடிக்கும் போட்டியில் கீரி கடைசியாக வந்தது. மூச்சு வாங்க, கரையில் போட்டியாளர்களை எண்ணிய ஆமையிடம் போனது.

"அண்ணே, ஏறினதும் ஓடினதும் பரவாயில்ல. தண்ணியிலதான் சொதப்பிட்டேன். எனக்கு முன்னாடி போனவன் கையக் கால அசைக்கவே இல்ல. ஆனாலும் அவனைப் பிடிக்க முடியல. அவனோட சேர்த்து எனக்கு முன்னாடி ஏழு பேரு, நான் எட்டாவதா வந்தேன்."

ஆமை தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டது.

"தம்பி, தண்ணியில இறங்கினது உன்னையும் சேர்த்து ஏழு பேருதான்."

கீரி ஏரியைத் திரும்பிப் பார்த்தது. நடு ஏரியில் ஒரு தலை அசையாமல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போட்டி முடிஞ்சும் பயிற்சிய விடல பாருங்க. அதான் என்னை முந்திட்டான்" என்று சொல்லிவிட்டு, கீரி மறுபடியும் தண்ணீரில் இறங்கியது.