கடைசி வரிசைக் கூண்டுகள்

பொடி மறுபடியும் குறைந்திருந்தது. தராசு பொய் சொல்லுமா? நேற்றைக்கு இன்று ஒரு கிராம் அவுட்!

ஆராய்ச்சிக்காரிக்குத் தலை கிறுகிறுத்தது. வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க, மூட்டை மூட்டையாக மூலிகை இலையைக் காய்ச்சிப் பிரித்தெடுத்த பொடி அது.

"வேற யாரு? உன் கூண்டுக்காரர்தான்," என்றார் பேராசிரியர். "எந்நேரமும் புகையிலையை அடக்கிக்கிட்டுத் திரியற ஆள். பயத்துல எடுத்து முழுங்கறார். கையும் களவுமா பிடி. இல்லேன்னா உன் ரெண்டு வருஷ உழைப்பு அம்போ!"

அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஹாம்ஸ்டர் எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவுகிற மனிதர். எலிகளுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருக்கும், இவருக்கு ஒன்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

சாப்பாட்டு வேளையில் மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினாள்.

வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார்.

"அச்ச்!" மரத்தூள் மூக்கில் ஏறி, தும்மல் முந்திக்கொண்டது.

"நூறு வயசு மேடம்," என்றார் பழக்கதோஷத்தில். பிறகுதான் முகம் வெளுத்தது.

"என்ன அண்ணே இது, திருட்டுப் பூனை மாதிரி! வாயில போட்டுக்கத்தானே எடுத்தீங்க?"

"எனக்கில்லீங்க. கடைசி வரிசைக்கு."

"என்னது?"

"வாரத்துக்கு மூணு தடவை எல்லா எலிங்க கன்னத்துலயும் புத்துநோய் வரவைக்கிற அந்த விஷத்தைப் பூசறீங்க. மருந்து மட்டும் முதல் வரிசைக்கு. கடைசி வரிசை என்னங்க பாவம் பண்ணிச்சு? என்னைப் பார்த்தா எழுந்து நிக்குதுங்க மேடம்!"

மூன்று மாதமாகியும் கடைசி வரிசைக்குக் கட்டியே வராத மர்மம் இப்போதுதான் விளங்கியது. தலையில் கைவைத்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணே! மருந்து குடுக்காதது நாலு இருந்தாத்தானே குடுத்ததோட ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? இப்ப நான் யாரை வெச்சுப் பார்க்கறது?"

அவர் யோசித்தார். போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"விஷம் பட்டிருக்கணும், மருந்து படாம இருக்கணும். அவ்வளவுதானே? என்னை வெச்சுப் பாருங்க. அதுங்களை விட்டுடுங்க."

ஆவென்று வாயைத் திறந்தார். உள் கன்னத்தில் நகமளவு வெள்ளைத் திட்டு.

புற்றுநோய்க்கு முன்னால் வருகிற திட்டோ என்று கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"அந்தப் புகையிலைப் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. கிளம்புங்க, இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் மனசு கேட்கவில்லை.

"தினம் மருந்து டப்பா உங்க கையிலதானே இருந்தது? உங்க வாயில ஒரு சிட்டிகை போட்டுக்கணும்னு தோணவே இல்லையா அண்ணே?"

கூண்டுக்காரர் நின்றுவிட்டார். முகம் சுருங்கியது.

"என்ன மேடம் நீங்க! அது திருட்டு இல்லீங்களா?"