ஈரலில் ஒரு புள்ளி

"கத்தி வைக்கிறதா? என்னையக் கொன்னாலும் சம்மதிக்க மாட்டேன்!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார் சேவுகன்.

"சத்தம் போடாதீக. வெளிய அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக" என்று கணவரின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள் சோணையம்மாள்.

காரைக்குடியில் டாக்டர் யூஜினியாவின் அறை அது. சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில், மதுரையில் எடுத்த ஸ்கேன் படம் மாட்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் பேனா முனையை வைத்தார் டாக்டர்.

"இதுதான் ஈரல். வலது பக்கம் தெரியுதே கறுப்புப் புள்ளி, அது புற்றுநோய்க் கட்டி. மூணு சென்டிமீட்டர்."

"ஒண்ணுதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் சோணையம்மாள்.

"ஒண்ணுதான். இடது பக்கம் சுத்தமா இருக்கு. பெரிய ரத்தக் குழாயும் தள்ளித்தான் போகுது. அதனாலதான் ஆபரேஷன்னு தைரியமாச் சொல்றேன். நாலஞ்சு இடத்துல இருந்திருந்தா மதுரையில கத்தியே எடுக்க மாட்டாங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்தா அதுல என்ன இருக்குமோ, எனக்குத் தெரியாது."

சோணையம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சேவுகன் படத்தைப் பார்க்கவே இல்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீகளா? கத்தரிக்காயில சொத்தை இருந்தா, நறுக்கி எறிஞ்சுட்டு மிச்சத்தைக் கொழம்புல போடுறதில்லையா?"

"கத்தரிக்காய்க்கு வலிக்காது."

"வலி தெரியாம மருந்து குடுப்பாங்க. மிச்ச ஈரல் திரும்ப வளந்துரும்" என்றார் டாக்டர்.

"அப்புறம் என்ன? இவுகளோட இதே அழிச்சாட்டியம்தான் டாக்டரம்மா. சிங்கம்புணரி மருத்துவ முகாமுல எங்க ரெண்டு பேத்துக்கும் வயித்துல ஸ்கேன் பாத்தாக. ரிசல்ட்டை வாங்கிட்டு வந்து, 'எனக்குப் புள்ளி இருக்காம்'னு படுத்தவருதான். ரத்தம் எடுக்கப் போனா, நான் முதல்ல கைய நீட்டணுமாம். மதுரையில அந்த ஸ்கேன் வளையத்துக்குள்ளயும் நான் முதல்ல படுத்துக் காட்டணுமாம். ஊசின்னா எனக்கு உசுரே போயிரும். இவுகளுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்கிட்டேன்."

"அப்புறம் இவர் படுத்தாரா?" டாக்டரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"கதவைச் சாத்திக்கிட்டுப் போனாக. எனக்கு அரை மணி நேரம் ஆச்சு, இவுக ரெண்டே நிமிசத்துல வெளிய வந்துட்டாக. ஆம்பளைகளுக்குச் சீக்கிரம் முடிஞ்சுரும் போல."

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார்.

"இவ எனக்குத் தைரியம் சொல்றா, பாருங்க" என்றார் சேவுகன். "மூணு புள்ளையையும் வீட்டுலயே பெத்தவ. தனக்குன்னு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல. போன வருசம் கால்ல ஆணி ஏறுனப்பவும் மஞ்சளைப் பத்துப் போட்டுக்கிட்டுக் கெடந்தா. இந்தக் கட்டி மட்டும் இவளுக்கு வந்திருந்தா, இந்நேரம் ஊரை விட்டே ஓடியிருப்பா."

"யாரு, நானா?" சோணையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு வந்திருந்தா நாளைக்கே மதுரைக்குப் போயிப் படுத்திருப்பேன்!"

"சும்மா வாய்ச்சவடால்."

"ஐயனார் மேல சத்தியம்!"

"கையில அடி பாப்போம்."

படீரென்று அடித்தாள்.

ஐயனார் பேரைச் சொல்லிக் கையில் அடித்துவிட்டால் அவர்கள் ஊரில் யாரும் பின்வாங்குவதில்லை. இனி வெற்றிலை போடுவதில்லை என்று ஐந்து வருடத்துக்கு முன் சோணையம்மாள் அப்படித்தான் அடித்தாள். அன்றிலிருந்து அவள் வெற்றிலையைத் தொட்டதே இல்லை.

அடித்த கையைச் சேவுகன் விடவில்லை. இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் அவர் முகத்தில் இருந்த பயம் மறைந்துவிட்டது.

"டாக்டரம்மா, படத்து மூலையில இங்கிலீசுல பேரு போட்டிருக்குமே. அதை இவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

டாக்டர் விளக்குப் பெட்டியின் பக்கம் திரும்பி, நிதானமாக வாசித்தார்:

"சோணையம்மாள். பெண். வயசு நாப்பத்தெட்டு."