வைகாசியில் ஆறுமணிக்குருவி

"ஏனுங்க, வைகாசி பொறந்து பத்து நாளாச்சு. இப்பப் போயி எங்கியாச்சும் ஆறுமணிக்குருவி கத்துமுங்களா?"

குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே புருசனிடம் கேட்டாள் யுவஸ்ரீ. ஒரு கையில் இட்லி, மறு கையில் போன்.

"குளிர் முடிஞ்சா அது வடக்க போயிருமுன்னு நீதான சொன்ன?" என்றான் பிரவின்குமார். "ஊரடங்குல பஸ் கெடைக்காம நின்னுபோச்சோ என்னமோ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொரோனா இரண்டாவது அலை. மதுக்கரையே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. வெளியே போக வழியில்லாத பறவைப் பிரியர்கள் முப்பது பேர், தினமும் காலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டு மொட்டை மாடியில் கால் மணி நேரம் நிற்பார்கள். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அதைச் சரிபார்த்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவது யுவஸ்ரீயின் வேலை. சம்பளமில்லாத வேலைதான். ஆனாலும் ஒரு மைனா கூடக் குறைய இருந்தாலும் விடமாட்டாள்.

சோமனூர் பாலுசாமிதான் அந்தக் குரூப்பிலேயே கெட்டிக்காரர். 'தறி ஓடாததால தையல்சிட்டு சத்தம் கூடத் தெளிவாக் கேக்குது' என்று எழுதினவர். அப்படிப்பட்ட மனிதர் ஒன்பது நாளாக ஒரே பட்டியலை அனுப்புகிறார். மைனா ஐந்து, செம்போத்து இரண்டு, ஆறுமணிக்குருவி ஒன்று. நேற்று விடியக்காலம் கொட்டின மழையிலும் அதே மைனா ஐந்து!

"பெரிய மனுசன் பண்ற வேலைங்களா இது? படுத்த எடத்துல இருந்தே பழசப் பாத்து எழுதறாரு. ஒரு பொய் உள்ள போனா, அத்தன பேரு பாடும் வீணாப் போயிருமுங்க."

பாலுசாமியின் நம்பரை அழுத்தினாள். அவர் மகன் நிதீஷ் எடுத்தான்.

"அப்பா குளிக்கறாருங்க்கா."

"நேத்தும் குளிச்சாரு, முந்தாநாளும் குளிச்சாரு. அப்படி என்ன குளியல் தம்பி? இன்னிக்கு குரூப்புலயே கேட்டுப்போடறேன். எல்லாருந் தெரிஞ்சுக்கட்டும்."

"ஐயோ, வேண்டாங்க்கா! அம்மா பாத்துருவாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்பா தவறி ஒம்பது நாளாச்சுங்க."

இட்லிக் கை அப்படியே நின்றது. குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"அம்மா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில ஆக்சிசன் வெச்சுக் கெடக்கறாங்க. இப்பச் சொன்னாத் தாங்க மாட்டாங்கன்னுட்டாரு டாக்டரு. சொந்தத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்பாவுக்குத் தொண்ட கட்டிருச்சு, பேச முடியலன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. அம்மாவும் நம்ம குரூப்புல இருக்கறாங்க, விடிஞ்சதும் அதத்தான் பாப்பாங்க. பட்டியல் வந்தா, அப்பா எந்திரிச்சு மாடிக்குப் போயிருக்காருன்னு நெனச்சுக்குவாங்க. எனக்குக் காக்காவும் மைனாவும் உட்டா ஒண்ணுந் தெரியாதுங்க்கா. அப்பா நோட்டுல ஒரு பக்கத்தப் பாத்து எழுதறேன்."

அது பங்குனி மாதத்துப் பக்கம் என்று யுவஸ்ரீக்குப் புரிந்தது.

"அம்மாவுக்குக் குருவியெல்லாந் தெரியுமா தம்பி?"

"எங்கீங்க்கா? அப்பா எண்றப்ப டீ கொண்டாந்து பக்கத்துல நிப்பாங்க. அவ்வளவுதான்."

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"செரி, நீங்க போடுங்க. ஆராய்ச்சிக்கு நான் அனுப்பாம நிறுத்திக்கறேன். ஆனா பாத்தா நெசமாட்ட இருக்கோணும். மைனாவ ஒரு நாளு நாலு, ஒரு நாளு ஆறுன்னு மாத்தி எழுதுங்க. அந்த ஆறுமணிக்குருவிய மொதல்ல எடுத்துப்போடுங்க."

மறுநாள் காலை பட்டியல் வந்தது. மைனா நான்கு. ஆறுமணிக்குருவி இல்லை. யுவஸ்ரீக்கு மனசு கொஞ்சம் ஆறினாற்போல இருந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. தெரியாத நம்பரிலிருந்து போன். இரைப்புக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"அம்மணி, நான் சோமனூர் பாலுசாமி ஊட்ல, பூவாத்தா பேசறனுங்க. குருவிப் பட்டியலப் பாக்கறது நீங்கதானுங்களே? இன்னிக்கு ஆறுமணிக்குருவியக் காணோமுங்க. நீங்க சொல்லித்தான் எடுத்தானுங்களா?"

யுவஸ்ரீ அவசரமாகச் சமாளித்தாள். "அது... வடக்க போயிருச்சுங்கம்மா. ஐயாதான் பாத்து..."

"அது சித்திரையிலயே போயிருமே கண்ணு." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள் பூவாத்தாள். "முப்பது வருசமா டீயக் கையில வெச்சுட்டு அவரு பக்கத்துல நின்னிருக்கறேன், எனக்குத் தெரியாதா? வைகாசிப் பட்டியல்ல அந்தப் பேரப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, எழுதறது அவரில்லீன்னு. அவரு இருந்தா எழுத உட்டிருக்க மாட்டாருன்னும்."

யுவஸ்ரீ போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஊட்ல எம் பையன் ஒண்டியாக் கெடக்கறானுங்க. நான் பொழைக்கோணும்னுதான் பல்லக் கடிச்சுட்டு எழுதறான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கேட்டா ஒடஞ்சுபோயிருவான், தேத்தறதுக்குக் கூட ஆளில்ல. அவன் தப்பாவே எழுதட்டும். நான் ஊடு வந்து சேர்ற வரைக்கும், எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, அம்மணி."