பொட்டு வைத்த கொக்கி

“என்னங்க, தண்ணி உள்ளே வருது!”

பின்சீட்டில் படுத்திருந்த மது அலறினாள். கோபு திரும்பிப் பார்க்காமல் சாவியைத் திருகினான். கார் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. இன்னொரு முறை திருகினான். அந்த இருமலும் வரவில்லை.

ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் லேக் கார்டன்ஸ் தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணீர். துர்கா பூஜை நவமி வேறு. ரோட்டில் பாதியைப் பந்தல் அடைத்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த தலைப்பிரசவம். விடிகாலையில் எடுத்த வலி இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. காளிகாட் ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

“பந்தல்கிட்ட போலீஸ்காரர் நிக்கிறாரே, கூப்பிடுங்களேன்!”

“அவர் வந்து என்ன பண்ணப் போறார்? நீ பேசாம படு” என்றான் கோபு.

பானெட்டில் தொம்மென்று ஒரு குத்து விழுந்தது. தடித்த வங்காளி ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டு, “நாமுன்! காடி தேகே நாமுன்!” என்று, அவனை இறங்கச் சொல்லிக் கத்தினார். கோபு அவசரமாகக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டான்.

“ஐயோ அம்மா, முடியலையே!” என்று மது வீறிட்டாள்.

வங்காளிக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றி விபூதி மழையில் கரைந்திருந்தது. பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தவரின் முகம் சட்டென்று மாறியது. “மித்ரா பாபு, ஏக்டு தாமுன்” என்று நண்பரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தமிழா? கதவைத் திறங்கோ. என் பேர் ஜம்புநாதன். பயப்படாதீங்கோ. இறக்கித் தூக்கிண்டு போயிடலாமா?”

“முடியாது சார். பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. அசைக்கவே பயமா இருக்கு” என்றபடி கோபு கதவைத் திறந்து இறங்கினான்.

எதிரே பந்தல் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஜம்புநாதன் குறுக்கே நின்று மறித்தார். டிரைவரிடம் கயிறு இருந்தது. ஆனால் காரின் முன்பக்கத்தைப் பார்த்து அவன் உதட்டைப் பிதுக்கினான். எல்லாம் பிளாஸ்டிக். கயிறு கட்ட ஓர் இடம் இல்லை.

ஜம்புநாதன் குனிந்தார். பம்பரின் வலது ஓரத்தில் நகத்தால் நெம்பினார். சதுரமாக ஒரு சின்ன மூடி கையோடு வந்தது. உள்ளே மரை போட்ட ஒரு துளை. அப்படி ஒன்று அங்கே இருப்பதே கோபுவுக்குத் தெரியாது.

“இதுல கொக்கியைத் திருகிக் கயிறு கட்டலாம்” என்றார்.

கோபு ஓடிப்போய் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னி மட்டும் கிடந்தது. ஜாக்கி இல்லை, ஸ்பானர் இல்லை, கொக்கியும் இல்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியிலும் துழாவினான்.

“அங்கே இருக்காது” என்ற ஜம்புநாதன், மித்ராவிடம் வங்காள மொழியில் ஏதோ சொன்னார். மித்ரா கோபுவை முறைத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நிமிடம் கோபு செத்துப் பிழைத்தான். இரண்டு முறை வலி வந்து போனது. மதுவின் கை சில்லிட்டிருந்தது. ஒன்று அவள் போய்விடுவாள், இல்லை குழந்தை போய்விடும், எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மித்ரா திரும்பி வந்தார். கையில் ஒரு கொக்கி, ஒரு ஸ்பானர். இரண்டிலும் சந்தனம், குங்குமப் பொட்டு. கொக்கியில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துளைக்குள் திருகினார். கச்சிதமாக இறங்கியது.

“எல்லா வண்டிக்கும் ஒரே கொக்கிதானா சார்?”

“பேச நேரமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிங்கோ. இன்ஜின் ஓடலை, பிரேக் கல்லு மாதிரி இருக்கும். ஓங்கி மிதிக்கணும்” என்றபடி அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

லாரி இழுத்தது. மூங்கில் நுனிகள் கண்ணாடிக்கு எதிரே ஆடின. லாரி வேகம் குறையும்போதெல்லாம் அவை கோபுவின் முகத்தை நோக்கி வந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். பின்னால் மதுவின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் அள்ளிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றாள். கோபு வராந்தாவிலேயே ஜம்புநாதன் காலில் விழுந்தான்.

“ஒரு டாக்சிகூடக் கிடைக்கலை சார். நீங்க வரலேன்னா...”

“எழுந்திருங்கோ” என்றார் அவர். ஈரக் கொக்கியை வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆயுத பூஜைக்குச் சாமிகிட்ட வெச்சது. நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. பரவாயில்லை, அம்பாள் ஒண்ணும் சொல்ல மாட்டா.”

பிறகு வலது கையை நீட்டினார்.

“சாவியைக் குடுங்கோ. தண்ணி ஏறாத போர்ட்டிகோவுல பூஜை போட்டுட்டு, சாவியை அதுலயே விட்டுட்டுக் கற்பூரம் எடுக்கத்தான் உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தா, சக்கரத்துக்கடியில நான் வெச்ச நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடக்கு, காரைக் காணோம்!”