மேல்மாடிப் பொம்மை

கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக நகரின் நடுவே எழப்போகும் கட்டடத்தின் மாதிரி வடிவம், உள்ளே தெரியும்படி ஒரு பக்கம் திறந்து, மேசைமேல் இருந்தது. திட்டத்துக்கு அனுமதி தரவேண்டிய ஆய்வுக்குழு சுற்றி நின்று பாராட்டியது. உறுப்பினர் தில்லைநாயகி மட்டும் மேல்மாடியில் ஒட்டி நிறுத்தியிருந்த சிறு பொம்மையைப் பெயர்த்துப் படுக்கவைத்தார். "இவங்க செத்துட்டா எப்படிக் கீழ கொண்டுவருவீங்க?" வடிவமைப்பாளர் எழிலன் முயன்று பார்த்தார். படுத்த பொம்மை லிஃப்டுக்குள் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் தலை இடித்தது. அகலமான நகரும் படிகள் நகைக்கடை வாசலில் போய் இறங்கின. "அந்த வழியா பொணம் போனா ஒருத்தனும் கடை எடுக்க மாட்டான்," என்றார் கட்டட உரிமையாளர். "லிஃப்டுல நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டா இறக்கிடலாம்." எழிலன் பொம்மையை நிமிர்த்தி, இரு விரல்களால் பிடித்தபடி தரைத்தளம்வரை இறக்கினார். "இப்ப கைய எடுங்க," என்றார் தில்லைநாயகி. எழிலன் எடுக்கவில்லை.