கத்துற மாப்பிள்ளை

பால் புட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாலாடையைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருமகள். கைதான் சமையலறையில். காது முழுக்கக் கூடத்தில்.

"மாட்டேன்னா மாட்டேன்தான்!" மாமியாரின் குரல் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. "பையனுக்குக் கண்ணாடிக் கடையில வேலைன்னே, சரின்னேன். சாயங்காலமானா கறுப்புச் சட்டையை மாட்டிக்கிட்டு மேடையில ஏறிக் கத்துறானாமே! பாட்டாடி அது? கதவிடுக்குல விரல் மாட்டின மாதிரி!"

"அது மெட்டல்மா, ஒரு வகை ராக் பாட்டு. அதை அப்படித்தான் பாடுவாங்க," என்றாள் நாத்தனார்.

"மெட்டலோ பித்தளையோ! உங்கப்பா அந்தக் கச்சேரிக்கே பார்க்கப் போயிருக்கார்ல? அவர் வந்து ஒரு குறை சொன்னாலும் போச்சு. அந்தப் பையனை நீ மறந்துட வேண்டியதுதான்."

மருமகளுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகும், இந்த வீட்டில் அவள் உரக்கப் பேசியதே கிடையாது.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் கம்பெனிக்குப் போன காலம். அண்ணனும் அவளும் ஒரே பஸ். ஹெட்போனில் ஒரு காது அவனுக்கு, ஒரு காது அவளுக்கு.

"ஏண்ணா இப்படிக் கத்துறாங்க?"

"நீ தனியா இல்ல, எழுந்து நில்லுன்னு சொல்றாங்க. மெதுவா சொன்னா எவன் கேக்குறான்? உன்னை மாதிரி வாயே திறக்காததுங்களுக்கும் சேர்த்துத்தான் கத்துறாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கே கூட்டிப் போனான். ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு குதிக்கிற கூட்டம். தடுக்கி விழுந்தாள். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்து பார்த்தால், சுற்றிலும் கைகோத்து வேலி மாதிரி நிற்கிறார்கள். யார் யாருடைய கைகளோ அவளைத் தூக்கி நிறுத்தின. தாடிக்காரன் ஒருவன் அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரோடது? யாரோடது?" என்று தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கே அதான் சட்டம்," என்றான் அண்ணன். "விழுந்தவங்களைத் தூக்கின பிறகுதான் ஆட்டம்."

அண்ணன் இப்போது கடல் தாண்டி எங்கேயோ லாரி ஓட்டுகிறான். எப்போதாவது பேசினால் குழந்தையைப் பற்றிக் கேட்பான், வைத்துவிடுவான். ஒரு பஸ் பயணம் முழுக்க அவன் தோளில் சாய்ந்தபடி கேட்ட அந்த டிரம்ஸ், இப்போதும் சில நாள்களில் பாத்திரம் தேய்க்கும்போது கைக்குள் வந்து அடிக்கும்.

வாசல் மணி அடித்தது.

மாமனார் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். போட்டுப் போன வெள்ளைச் சட்டையைக் காணோம். மண்டையோடு படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட். முழங்காலில் கறுப்புத் துணியால் ஒரு கட்டு.

"ஐயையோ! அடிச்சே போட்டுட்டானுங்களா?"

"அது இல்லடி, நான் என்ன..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்! அதான் கண்ணால பார்க்கிறேனே! ரவுடிக் கூட்டம்! இன்னியோட இந்தப் பேச்சு முடிஞ்சது!"

"இல்ல, ஒரு நிமிஷம்..."

"முடிஞ்சதுன்னா முடிஞ்சது!"

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மருமகள் நுரை வழிகிற புட்டியோடு கூடத்துக்கு வந்து நின்றாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

"அத்தை! கொஞ்சம் நிறுத்துங்க!"

வீடே நின்றது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"மாமா... நீங்க விழுந்தது எங்கே? இந்தக் கட்டு போட்டது யாரு?"

மாமனார் நாற்காலியில் சாய்ந்து, பெரிதாக மூச்சு விட்டார்.

"விழுந்தது பஸ் ஸ்டாண்டுலம்மா. போறப்பவே. ஏறுற அவசரத்துல தள்ளிட்டு, என் மேலேயே மிதிச்சு ஏறினாங்க. எல்லாம் நம்மள மாதிரி நல்லா உடுத்தினவங்கதான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. கிழிஞ்ச சட்டையோட கச்சேரிக்குப் போய் நின்னேன். அந்தப் பையன் பார்த்துட்டுப் பாட்டையே நிறுத்திட்டான். மேடையிலேருந்து குதிச்சு வந்து கட்டு போட்டான், மாத்துச் சட்டை கொடுத்தான், ஒரு நாற்காலியும் போட்டான். நான் யாருன்னு அப்போ அவனுக்குத் தெரியாது. வீட்டுல கொண்டாந்து விடுறேன்னு வண்டியில ஏத்தின பிறகுதான் சொன்னேன்."

மாமியார் அப்போதும் இறங்கி வரவில்லை. "அவ்வளவு நல்லவன்னா மேலே வந்து முகத்தைக் காட்ட வேண்டியதுதானே?"

"கீழே படிக்கட்டுல நிக்கிறான். வர பயமா இருக்காம். 'இவ்வளவு சத்தமாக் கத்துறாங்களே, யாருங்க அது?'ன்னு படி ஏறுறப்பவே கேட்டான்."

உள்ளே நாத்தனாரின் விசும்பல் பாதியில் சிரிப்பாக மாறியது. மருமகளும் சிரித்துவிட்டாள். இன்றைக்கு விட்டால் பிறகு தைரியம் வராது.

"அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன்கூட நானும் அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போயிருக்கேன். அங்கே நான் தடுக்கி விழுந்தப்ப, அவங்கதான் என்னை..."

"ஸ்ஸ்ஸ்!" மாமியார் வாசற்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தார். "மெதுவா பேசும்மா, மாப்பிள்ளை காதுல விழப்போகுது. கையைத் துடைச்சுக்கிட்டு, ஓடிப்போய்க் கூட்டிட்டு வா!"